பெயரை மாற்றினால் மட்டும் போதாது: குடும்பக் கதையை நாவலாக்கி அச்சேற்ற ஒரு வழிகாட்டி

குடும்ப நாவல் எழுதுகிறவர்கள் முதல் அத்தியாயத்தில் இடறுவது குறைவு. பிரதி முடிந்து, அட்டைப்படமும் தயாராகி, அச்சகத்துக்கு முன்பணம் கட்டிய பிறகுதான் இடறுகிறார்கள். அந்த வாரத்தில் அக்காவிடமிருந்து போன் வரும்: "அந்த மாடி ரூம் சங்கதியையா எழுதியிருக்கே? எம் மாமியார் வீட்ல படிக்க மாட்டாங்களா?" அதன் பிறகு 'சரோஜா'வை 'வனஜா' ஆக்கிப் பயனில்லை. அம்மா, அக்கா, தங்கை, சிறுவயதில் நடந்து யாரும் வாய் திறக்காத ஒன்று, இவற்றை வைத்து முதல் நாவல் எழுத நினைப்பவர்களுக்கு, எந்த வேலையை எப்போது செய்தால் இந்தச் சிக்கல் வராது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். இந்தியச் சட்டத்தையும் தமிழ்நாட்டு நடைமுறையையும் வைத்து எழுதியது.

1. கதைக்கு முன்னால் ஒரு பதிவேடு

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். ஐந்து பத்திகள் போடுங்கள்: ஆண்டும் மாதமும், ஒவ்வொரு பெண்ணின் வயது, குடியிருந்த வீடு, நடந்தது, இது யாருக்கு எப்போது தெரியும். கடைசிப் பத்திதான் நாவலின் உயிர். அம்மா பிறந்தது 1955, மூத்தவள் 1974, இளையவள் 1980 என்றால் 1989-ஆம் ஆண்டு வரிசையில் 34, 15, 9 என்று எழுதி, நடந்ததற்கு எதிரே "அம்மாவுக்கு அன்றே தெரியும், மூத்தவளுக்குப் பாதி, இளையவளுக்கு 2004-இல்" என்று குறித்துவிட வேண்டும். இந்தப் பத்தி இல்லாமல் எழுதினால், 60-ஆம் பக்கத்தில் எதுவும் தெரியாமல் இருந்தவள் 45-ஆம் பக்கத்திலேயே அதைப் பற்றிப் பேசியிருப்பாள். முதல் நாவல்களில் மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை இது.

பதிவேட்டை நிரப்ப நினைவை மட்டும் நம்ப வேண்டாம். வீட்டிலேயே கிடைக்கும் காகிதங்கள்: பள்ளி மாற்றுச் சான்றிதழ், பழைய ரேஷன் கார்டு (எந்த ஆண்டில் யார் பெயர் சேர்ந்தது, யார் பெயர் நீங்கியது), கல்யாணப் பத்திரிகைகள், போட்டோவின் பின்பக்கத்து ஸ்டூடியோ முத்திரை, இன்லாண்டு கடிதங்கள். இவை எல்லாவற்றையும் விட மேலானது மொய் நோட்டு. மூத்தவளின் சடங்குக்கு எழுதிய நோட்டில் பெரியம்மா பெயரில் 51 ரூபாய் இருக்கிறது, மூன்று வருடம் கழித்து இளையவளின் காதுகுத்து நோட்டில் அந்தப் பெயரே இல்லை என்றால், இடையில் என்னவோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். அதை எந்த நேர்காணலிலும் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சொத்துச் சண்டை கதையில் இருந்தால் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். சான்றிட்ட நகல் வேண்டுமானால் கட்டணம் உண்டு. அத்தைகள் எந்த ஆண்டில் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள் என்பது அதில் இருக்கும்.

ஆண்டுகளைச் சரிபார்க்கும்போது கதையே மாறிவிடக்கூடிய சில இடங்கள் இருக்கின்றன. 1972-இல் பள்ளி முடித்த அம்மா படித்தது பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி.; பிளஸ் டூ வந்தது 1978-இல்தான். 1980-இல் நடக்கும் அத்தியாயத்தில் 'திண்டுக்கல் மாவட்டம்' என்று எழுத முடியாது. அது மதுரையிலிருந்து பிரிந்தது 1985-இல். சன் டிவி தொடங்கியது 1993-இல்.

பெண்களின் சொத்துரிமைத் தேதியில் இன்னும் கவனம் வேண்டும். இந்துக் குடும்பங்களில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமையைத் தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் 25 மார்ச் 1989 முதல் கொடுத்தது. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு இல்லை. 1988 ஆவணியில் கல்யாணமான அக்காவுக்கு இல்லாத பங்கு, 1992-இல் கல்யாணமான தங்கைக்கு உண்டு. இந்த வேறுபாட்டை நீக்கியது மத்தியச் சட்டம், 9 செப்டம்பர் 2005 முதல். ஒரே வயிற்றில் பிறந்த இருவருக்கு நடுவே ஒரு தேதி கிழித்த கோடு இது. கவனித்தால் அரை நாவல் இதிலேயே கிடைக்கும். கவனிக்காமல் தேதியை மாற்றி எழுதினால் விவரம் தெரிந்த வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

பிள்ளையில்லாத சித்திக்குத் தூக்கிக் கொடுக்கப்பட்ட பெண் கதையில் இருந்தால், 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டத்தின்படி தத்துக்கு அம்மாவின் சம்மதம் கட்டாயம். கொடுப்பதும் ஏற்பதும் நடந்தால் போதும், ஹோமம் கட்டாயமில்லை. ஆக, "அம்மாவைக் கேட்காமலே கொடுத்துட்டாங்க" என்பது சோகம் மட்டும் அல்ல. சட்டப்படி அந்தத் தத்தே செல்லாது, அந்தப் பெண் இன்னும் பெற்றவளின் வாரிசுதான்.

2. அம்மாவிடம் கேட்பது

ரகசியத்தை நேராகக் கேட்காதீர்கள். பொருளைக் கேளுங்கள். "அந்தப் பச்சை டிரங்குப் பெட்டி எப்ப வாங்குனது?", "மாடி ரூமுக்கு யார் பூட்டுப் போட்டா?" என்று தொடங்கினால் பேச்சு தானாக அங்கே போகும். ஒரு தடவைக்கு 40 நிமிடம் போதும். அக்காவை உடன் வைத்துக்கொண்டு அம்மாவிடம் கேட்பது வீண். ஒருவர் முகத்தைப் பார்த்து மற்றவர் கதையைத் திருத்துவார்கள். தனித்தனியாக உட்காருங்கள், சொல்லிவிட்டுப் பதிவு செய்யுங்கள். அழுகை வந்தால் ரெக்கார்டரை நிறுத்திவிட்டுக் காப்பி போடப் போங்கள். திரும்பி வந்து அதே கேள்வியைக் கேட்க வேண்டாம்.

பழைய கடிதங்களில் ஒரு பொறி உண்டு. உங்கள் கையில் இருக்கும் கடிதத்தின் காகிதம் உங்களுடையது. எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருடையது. சித்தி 1986-இல் எழுதிய இன்லாண்டை அப்படியே அச்சிட அவர் அனுமதி வேண்டும், அவர் இறந்திருந்தால் வாரிசுகளின் அனுமதி. அதைப் படித்துவிட்டுப் புதிதாக ஒரு கடிதம் புனைவது நல்லது. நிஜக் கடிதங்கள் நாவலில் பெரும்பாலும் நன்றாகவும் இருப்பதில்லை. "நலம், நலமறிய அவா"விலேயே பாதிப் பக்கம் போய்விடும்.

3. ரகசியம் யாருடையது என்று முடிவு செய்தல்

எல்லா ரகசியமும் ஒரே எடை அல்ல. அப்பாவுக்கு இன்னொரு குடும்பம் இருந்தது, பாட்டி வட்டிக்கு விட்டாள், மூத்தவள் காதலித்தவன் வேறு சாதி என்பவற்றில் உங்கள் பங்கும் இருக்கிறது. உங்கள் சகோதரி மீது நடந்த பாலியல் கொடுமை அப்படி அல்ல, அது அவளுடையது. இங்கே சட்டமும் தெளிவாக இருக்கிறது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவர் யார் என்று தெரியவைக்கும் எதையும் அச்சிடுவதை, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவு தடை செய்கிறது; இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. பாதிக்கப்பட்டவர் வயதுவந்தவர் என்றால் அவரே எழுத்தில் அனுமதி தரலாம். குழந்தைகள் விஷயத்தில் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும் சேர்ந்துகொள்ளும்.

அனுமதிக் கடிதத்துக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். அதில் இருக்க வேண்டியவை: எந்த நிகழ்வு, எந்த அளவு விவரத்தோடு, என்ன வடிவில் (அச்சு, மின்நூல், ஒலிநூல் தனித்தனியாக), எந்தத் தேதி வரை அவர் மனம் மாறலாம், தேதி, கையெழுத்து. நாவலுக்குக் கொடுத்த சம்மதம் சினிமாவுக்கோ வெப் சீரிஸுக்கோ பொருந்தாது என்று ஒரு வரி கட்டாயம் சேருங்கள். வாட்ஸ்அப்பில் வந்த 'சரி எழுது' என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவள் எதற்குச் சரி சொன்னாள் என்பதே பின்னால் வழக்காகும்.

பேட்டியின்போது, இன்றும் ஒரு குழந்தை அதே ஆளின் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது தெரியவந்தால் நாவலை ஒதுக்கிவையுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள், அல்லது காவல் நிலையத்துக்குப் போங்கள். தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பது போக்சோவில் தனிக் குற்றம்.

4. மறைப்பது: அடியிலிருந்து, முதல் வரைவிலேயே

பெயரை மாற்றுவது மறைப்பே அல்ல. அட்டையில் உங்கள் பெயர் இருக்கிறது. உங்களுக்கு ஒரு அக்கா என்பது ஊருக்குத் தெரியும். 'வனஜா' தையல் டீச்சர், கணவர் மின்வாரியம், வீடு ரயில்வே கேட் பக்கம் என்றால் தெருவே கண்டுபிடித்துவிடும்.

செய்ய வேண்டியது இது. ஒருவரை அடையாளம் காட்டும் ஐந்தைப் பட்டியலிடுங்கள்: பிறப்பு வரிசை, தொழில், ஊர், கல்யாணச் சூழல், உடலில் தெரியும் அடையாளம். இவற்றில் குறைந்தது மூன்றை மாற்றுங்கள். பலன் தரும் மாற்றம் பிறப்பு வரிசைதான். மூன்று சகோதரிகளை இருவராக்குங்கள், அல்லது நடந்ததை இன்னொருத்திக்கு நடத்துங்கள். ஊரை மாற்றினால் பேச்சும் முழுக்க மாறவேண்டும். திருநெல்வேலிக் கதையை ஈரோட்டுக்குக் கொண்டுபோனால் அம்மாவைப் பெற்ற 'ஆச்சி' 'அம்மாயி' ஆகவேண்டும், தாத்தா 'அப்புச்சி' ஆகவேண்டும். 200 பக்கம் எழுதி முடித்தபின் இதைத் தேடி மாற்றினால் எங்காவது ஒரு நெல்லை 'ஏளா' தப்பித்து நின்று காட்டிக்கொடுக்கும். அதனால்தான் முதல் வரைவிலேயே என்கிறேன்.

புனைபெயர் நல்ல வழி, ஆனால் அதில் ஓட்டைகள் உண்டு. பதிப்புரிமைப் பதிவேடு யாரும் பார்க்கக்கூடியது. நிஜப் பெயரில் பதிந்தால் மறைப்பு அங்கே உடைகிறது. பின்னட்டைப் படம், "விருதுநகரில் பிறந்தவர், வங்கியில் பணி" என்ற ஆசிரியர் குறிப்பு இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

5. எழுதும் வேலை

வாரம் ஐந்து நாள், நாளுக்கு 300 சொல். 50,000 சொல் முடிய 33 வாரத்துக்குச் சற்று மேல் ஆகும். டெமி என்ற வழக்கமான நாவல் அளவில் 220 முதல் 250 பக்கம் வரும். முதல் நாவலுக்கு அது போதும்.

ரகசியத்தைக் கடைசி அத்தியாயம் வரை பூட்டிவைப்பது பழைய துப்பறியும் கதைப் பழக்கம். வாசகர் 60-ஆம் பக்கத்தில் ஊகித்துவிட்டு மீதியை எரிச்சலோடு படிப்பார். முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் வாசகருக்குத் தெரிந்துவிடட்டும். யாருக்குத் தெரியும், தெரிந்தும் ஏன் பேசவில்லை என்பதில்தான் இழுப்பு இருக்கிறது.

சிறுமியின் கண்ணில் எழுதும்போது பெரியவர்களின் சொல் நுழையக் கூடாது. "பெரியப்பா வரும் நாட்களில் அம்மா பதற்றமாக இருந்தாள்" என்பது நாற்பது வயதுக்காரியின் வாக்கியம். ஒன்பது வயதுக்காரிக்குத் தெரிவது இவ்வளவுதான்: "பெரியப்பா வந்தா அம்மா அக்காவ அடுப்பங்கரையிலயே வெச்சுக்குவா. ஏற்கெனவே உரிச்ச வெங்காயம் ஒரு தட்டு இருக்கும். மறுபடி உரிக்கச் சொல்லுவா." கொடுமை நடக்கும் காட்சியை விரிக்க வேண்டியதில்லை. அதற்கு முந்தைய பத்து நிமிடமும் மறுநாள் காலையும் போதும்.

சினிமாப் பாட்டு இன்னொரு பொறி. அம்மா முணுமுணுத்த பாட்டின் இரண்டு வரியைப் போட்டாலும் உரிமையாளரிடம் அனுமதி கேட்கவேண்டி வரும். கவிஞர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை இருக்கிறது. பாட்டின் பெயரை மட்டும் சொல்லலாம். நாட்டுடைமையான பாரதியார் வரிகளுக்கும், வீட்டில் வழிவழியாகப் பாடும் தாலாட்டுக்கும் தடையில்லை.

6. அச்சுக்கு முன் இரண்டு வாசிப்புகள்

முதல் வாசிப்பு கதையில் நிழல் விழுந்திருக்கும் சகோதரிக்கு. அச்சிட்ட பிரதியாகவே கொடுங்கள்; போனில் பி.டி.எஃப். அனுப்பினால் மற்றவர்களுக்குப் போய்விடும். இரண்டு மாதம் அவகாசம் விடுங்கள், நடுவில் கேட்காதீர்கள். "இதை எடுத்துடு" என்று சொல்லும் பக்கங்களை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் நீங்கள் பயந்த பக்கமாக இருக்காது. அவள் கல்யாணத்தில் நகை குறைந்ததைப் பற்றிய அரைப் பத்தியாக இருக்கும். எடுத்துவிடுங்கள், கதைக்கு ஒன்றும் ஆகாது.

இரண்டாவது வாசிப்பு வழக்கறிஞருக்கு. முழுப் பிரதியும் வேண்டாம். சிக்கலான 20, 30 பக்கங்களும் யார் யாருடைய நிழல் என்ற ஒரு தாளும் போதும். போவதற்கு முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை. குற்றவியல் அவதூறு (பாரதிய நியாய சன்ஹிதா, 356-ஆம் பிரிவு) வழக்கில் "நடந்தது உண்மை" என்பது மட்டும் காப்பாற்றாது. பொதுநன்மைக்காகச் சொன்னது என்றும் காட்டவேண்டும். செத்தவரைப் பற்றி எழுதினாலும், நெருங்கிய உறவினர் மனதைப் புண்படுத்தும் நோக்கம் இருந்தால் வழக்கு வரலாம். நஷ்டஈட்டு வழக்குக்குக் கெடு வெளியான நாளிலிருந்து ஓராண்டு. தூக்குத் தண்டனைக் கைதி ஒருவரின் சுயசரிதையை வெளியிடுவது பற்றிய 'ஆட்டோ சங்கர்' வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் பொருந்தும்: பொது ஆவணத்தில் இருப்பதை எழுதலாம், அதைத் தாண்டி ஒருவரின் குடும்பம், திருமணம், தாய்மை பற்றி அனுமதியின்றி வெளியிட்டால் அந்தரங்க உரிமை மீறல். "இதில் வரும் பாத்திரங்கள் அனைத்தும் கற்பனையே" என்ற வரியைப் போடுங்கள், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள்.

7. பிழைதிருத்தமும் பக்க வடிவமைப்பும்

யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். 'வாணி' பிழைதிருத்தியிலும் 'நாவி' சந்திப்பிழை திருத்தியிலும் ஓட்டிவிட்டு மனிதரிடம் கொடுங்கள். உரையாடலில் உள்ள வட்டார வழக்கை இவை பிழை என்று காட்டும், பயந்து திருத்திவிடக் கூடாது.

வடிவமைப்பாளர் பழைய எழுத்துருவுக்கு மாற்றினால் 'கொ', 'கோ', 'கௌ' உடையும், 'ஸ்ரீ' காணாமல் போகும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் வேர்ல்டு-ரெடி கம்போஸர் என்ற அமைப்பைப் போடாவிட்டால் யூனிகோடிலும் கொம்பு இடம் மாறும். மாற்றியபின் இந்த எழுத்துகளை மட்டும் தேடி ஒருமுறை பாருங்கள். மொத்தமாக அச்சடிக்கும் ஆஃப்செட் முறைக்குப் பக்க எண்ணிக்கை 16-இன் மடங்காக இருப்பது நல்லது (16 பக்கம் ஒரு பாரம்): 240 என்றால் 15 பாரம். 244 வந்தால் 12 பக்கம் வெறுமையாகத் தொங்கும். நான்கு பக்கத்தை அமுக்குவது எளிது.

8. ஐ.எஸ்.பி.என்., பதிப்புரிமை, ஒப்பந்தம்

ஐ.எஸ்.பி.என்., அதாவது புத்தகத்தின் சர்வதேச அடையாள எண், இந்தியாவில் இலவசம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் இணையதளத்தில், நீங்களே பதிப்பாளர் என்று தனிநபராகவும் விண்ணப்பிக்கலாம். அடையாளச் சான்றும் புத்தக விவரங்களும் தயாராக இருக்கட்டும். இதற்குக் காசு கேட்கும் 'பேக்கேஜ்'காரர்களை விட்டு விலகுங்கள். அச்சுக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே போட்டுவிடுங்கள்; எண் வராமல் பின்னட்டை முடியாது.

பதிப்புரிமை எழுதிய கணமே உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. பதிவதானால் படிவம் 14, இலக்கியப் படைப்புக்கு 500 ரூபாய். விண்ணப்பத்துக்கான டைரி எண் வந்தபின் ஆட்சேபத்துக்கு 30 நாள் காத்திருப்பு, அதன்பின் பரிசீலனை. சில மாதம் போகும். புத்தகம் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

பதிப்பகம் வழியாகப் போனால் ராயல்டி வழக்கமாக 10 சதவீதம். ஒப்பந்தத்தில் காலம் எழுதவில்லை என்றால் சட்டப்படி ஐந்தாண்டு, எல்லை எழுதவில்லை என்றால் இந்தியா மட்டும். 'அவதூறு வழக்கு வந்தால் முழுப்பொறுப்பு ஆசிரியருடையது' என்ற வரி எங்காவது நடுப்பக்கத்தில் இருக்கும், அதைத் தேடிப் படியுங்கள். திரைப்பட, மொழிபெயர்ப்பு உரிமைகளைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

9. அச்சுச் செலவு

விலை கேட்கும்போது "ஒரு புக்குக்கு எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். உள்பக்கம் ஒன்றுக்கு, அட்டைக்கு, பைண்டிங்குக்கு, லேமினேஷனுக்கு என்று பிரித்து எழுத்தில் வாங்குங்கள். தாள் 70 ஜி.எஸ்.எம். (தாளின் எடை அளவு) மேப்லித்தோவா, 80 நேச்சுரல் ஷேடா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் மாதிரி ஒன்று, வருவது ஒன்று. கணக்கு எப்படிப் போவதென்றால், பக்கத்துக்கு 60 காசு, அட்டையும் பைண்டிங்கும் 40 ரூபாய் என்று ஒருவர் சொன்னால் 240 பக்கம் 144 + 40 = 184 ரூபாய். கடைக்குக் கழிவு 35 சதவீதம் என்றால் 300 ரூபாய் விலையில் உங்கள் கைக்கு வருவது 195. பதினொரு ரூபாயில் தபால் செலவுகூட நிற்காது. ஆகவே விலையை ஏற்றவேண்டும், அல்லது பக்கத்தைக் குறைக்கவேண்டும், அல்லது 500 பிரதி ஆஃப்செட்டுக்குப் போகவேண்டும். மூன்றாவதைத் தேர்ந்தால் அட்டைப்பெட்டிகளை எங்கே அடுக்குவது என்றும் யோசியுங்கள்.

முதல் தடவைக்கு 50 பிரதி டிஜிட்டலில் போடுவது என் பரிந்துரை. காசை விட முக்கியமான காரணம் இந்த வகை நாவலுக்கே உரியது: வெளியான பின் ஒரு பத்தியை நீக்கவேண்டி வந்தால் 50-ஐத் திரும்பப் பெறலாம், 500-ஐ முடியாது.

10. நாள் கணக்கு

சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி. அதற்கு வரவேண்டும் என்றால் கோப்பு நவம்பர் நடுவில் அச்சகத்தில் இருக்கவேண்டும். அந்தக் காலத்தில் காலண்டர், டைரி வேலைகளால் அச்சகங்கள் நிரம்பியிருக்கும். பின்னோக்கிக் கணக்கிட்டால் பிழைதிருத்தமும் வடிவமைப்பும் செப்டம்பர், அக்டோபர். சகோதரியின் வாசிப்பு ஜூலை, ஆகஸ்ட். வரைவை மூடி வைத்துவிட்டு மறுபடி எடுத்துத் திருத்த மே, ஜூன். அப்படியானால் எழுத உட்காரவேண்டியது முந்தைய செப்டம்பரில். நேரம் போதாவிட்டால் சென்னையை விட்டுவிட்டு ஆகஸ்டில் ஈரோட்டுக் காட்சிக்குப் போகலாம். சகோதரியின் இரண்டு மாதத்தை மட்டும் சுருக்காதீர்கள்.

வெளியானதும் 30 நாளுக்குள் உங்கள் செலவில் நான்கு பிரதிகள் அனுப்பவேண்டும்: கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை மத்திய நூலகம், டெல்லி பொது நூலகம். 1954-ஆம் ஆண்டுச் சட்டம் இது. நீங்களே பதிப்பாளர் என்றால் பொறுப்பும் உங்களுடையது. தபால் ரசீதுகளையும் சகோதரியின் அனுமதிக் கடிதத்தின் மூலப்பிரதியையும் பதிவேட்டு நோட்டையும் ஒரே கோப்பில் வைத்து, அம்மா வீட்டில் அல்லாமல் உங்கள் வீட்டில் பூட்டி வையுங்கள்.